ஓரத்துப் பிஷப்

அவளுக்குத் துருவி என்று பட்டப்பெயர் வைத்ததே அவள் அத்தைதான். பின்னே? பக்கத்து வீட்டுக்குப் பார்சல் வந்தால், உள்ளே என்ன என்று தெரியும்வரை அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

தையல்கடை வைத்திருக்கும் அந்த அத்தைதான் செஸ் கிளப்புக்குக் கேப்டன். நாலாவது போர்டில் ஆடும் பால்காரருக்குக் காய்ச்சல். லீக் போட்டியில் துருவிக்கு இடம் கிடைத்தது அப்படித்தான்.

"ஜெயிச்சா இந்த நாற்காலி உனக்கு. இல்லேன்னா அடுத்த வாரம் பால்காரர் வந்துடுவாரு," என்றாள் அத்தை.

எதிரே பேக்கரிக்காரர். தலை முழுக்க நரை, மீசை மட்டும் கன்னங்கரேல். எப்படி என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்பதில்லை.

துருவி நடுச் சிப்பாய்களைத் தொடவில்லை. ஓரமாக, குதிரைக்கு முன்னால் நின்ற சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினாள். அது விட்டுப்போன இடத்தில் பிஷப்பை உட்காரவைத்தாள்.

"நடுவுல அவ்ளோ இடம் கெடக்கு, ஓரத்துல என்னம்மா வேலை?" என்று கிசுகிசுத்தார் அவர்.

"ஓரத்துலேருந்து எட்டிப் பாத்தாதான் அங்கிள் எல்லாம் தெரியும்!"

மற்ற மூன்று போர்டுகளும் முடிந்தன. இரண்டு அணியும் சமம். துருவிக்கோ ஒரு சிப்பாய் குறைவு. தோற்றால் அணியும் தோற்கும், நாற்காலியும் போகும்.

பேக்கரிக்காரர் ஒரு காயை நகர்த்திவிட்டு, "டிரா பண்ணிக்கலாமாம்மா?" என்றார், குரலில் தேன் ஒழுக.

கேப்டன் ஆட்டத்தைப் பற்றி மூச்சு விடக்கூடாது. டிராவுக்கு மட்டும் சரி, வேண்டாம் என்று சொல்லலாம்.

"எடுத்துக்கட்டுமா அத்தை?"

"எடுத்துக்கோ, எடுத்துக்கோ!"

கை நீட்டப்போன துருவி பாதியில் நிறுத்தினாள். ஜெயிக்கிற ஆளு எதுக்கு விட்டுக்கொடுக்கிறாரு?

அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். நடுநடுவே அவளுடைய ஓரத்துப் பிஷப்பைத் திருட்டுத்தனமாகப் பார்த்தார்.

அந்தப் பிஷப்பிலிருந்து சாய்வாகக் கண்ணை ஓட்டினாள். வழியை மறைத்து நின்றது அவளுடைய குதிரையேதான்! அதற்கு அப்பால், அவர் ராஜாவின் வாசலில் ஒரு சிப்பாய். அதை அவள் ராணி ஏற்கெனவே முறைத்துக்கொண்டிருந்தாள்.

"டிரா வேணாம் அங்கிள்."

அத்தை தலையில் கைவைத்தாள். குதிரை தாவிப் போய் அவர் ராணியை மிரட்டியது. வழி திறந்தது. இப்போது ராணியைக் காப்பாற்றினால் செக்மேட். ராஜாவைக் காப்பாற்றினால் ராணி போச்சு.

கொஞ்ச நேரம் மீசையை முறுக்கிப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே கையை நீட்டினார்.

"எப்படிம்மா கண்டுபிடிச்சே?"

"நீங்கதான் அங்கிள் அங்கயே பாத்துட்டிருந்தீங்க!"

"பலே! வேற ஏதாவது தெரிஞ்சுக்கணுமா?"

நாற்காலிக்காரியின் வாயைப் பொத்த அத்தை ஓடி வந்தாள். அதற்குள் கேள்வி வெளியே வந்துவிட்டது.

"மீசைக்கு என்ன மை அங்கிள் போடறீங்க?"