ஸ்டிக்கர் இடம் மாறிய நாள்

சௌந்தர்யாவுக்குப் பூப்படம் ஒட்டத் தெரியும். தண்ணீரில் ஊறப் போட்டால் காகிதத்திலிருந்து பூ மட்டும் வழுக்கிக்கொண்டு வரும். அதைப் பீங்கான் கப்பின் மேல் நகர்த்தி மெல்லத் துடைத்துவிட்டு, சூளையில் வைத்துச் சுட வேண்டியதுதான். பீங்கானுக்குப் பேர்போன விருத்தாசலத்துப் பிள்ளைக்கு இதெல்லாம் ஒரு வித்தையா? ஆனால் அதே வித்தையைக் கம்ப்யூட்டரிடம் காட்டப் போனாள் பாருங்கள், அங்கேதான் மாட்டிக்கொண்டாள்.

அவளுடைய அம்மா பாஞ்சாலை, தனபால் என்பவரின் பீங்கான் கம்பெனியில் பல வருஷம் பூப்படம் ஒட்டியவர். நாள் முழுக்க ஈரத்திலேயே இருந்து விரல்களெல்லாம் வெடித்துவிடும். குழம்பு ஊற்றிச் சோறு பிசைந்தால் 'ஸ்ஸ்' என்று கையை உதறுவார். எப்படியோ டைப்பிங்கும் கம்ப்யூட்டரும் கற்றுக்கொண்டு, போன வருஷம்தான் ஆபீஸ் நாற்காலிக்கு வந்தார். விரல்களும் ஆறின.

அந்தக் கம்ப்யூட்டர் நேற்று 'டப்' என்று சத்தம் போட்டு, கருகிய நாற்றத்தோடு அணைந்துபோனது. தனபால் உடனே கடலூர் கடையிலிருந்து புதுசு வாங்கி வந்துவிட்டார். ஆனால் அதற்குள் விண்டோஸ் இல்லை. விண்டோஸ் இல்லாமல் கம்ப்யூட்டர் ஒரு எழுத்துகூட அடிக்காது.

"பழசுலதான் இருக்குதே, அத எடுத்து இதுல போட்டுடும்மா" என்று சுலபமாகச் சொன்னார் தனபால். சாயங்காலம் பெங்களூருக்கு லாரி கிளம்புகிறது. கப்புப் பெட்டிகள் எல்லாவற்றுக்கும் அச்சடித்த லேபிள் வேண்டும். போன தடவை கையால் எழுதி அனுப்பியதில், மழையில் மை கரைந்து எது ரோஜாக் கப்பு, எது மயில் கப்பு என்றே தெரியாமல் அத்தனையும் திரும்பி வந்துவிட்டன.

போகும்போது வாசலில் நின்று, "இன்னிக்கு லேபிள் வரலைன்னா நீ பழையபடி ஒட்டுற செக்‌ஷனுக்கே போயிடு. இதுக்கு நான் வேற ஆள் பாத்துக்கறேன்" என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை.

பள்ளி விடுமுறை என்பதால் சௌந்தர்யாவும் அங்கேதான் இருந்தாள். அம்மா தன் விரல்களை ஒருமுறை பார்த்துக்கொண்டதைக் கவனித்தாள்.

பழைய கம்ப்யூட்டரோடு வந்த விண்டோஸ் டிஸ்க்கை அம்மா புதியதில் போட்டார். 'இந்த டிஸ்க் இந்தக் கம்ப்யூட்டருக்கு உரியதல்ல' என்று ஆங்கிலத்தில் வந்தது. எடுத்துத் துடைத்து மறுபடி போட்டார். மறுபடியும் அதே பதில். கடலூர்க் கடைக்காரர் கலீல் ரஹ்மானைக் கேட்டுவிடலாம் என்று போன் பண்ண அடுத்த அறைக்குப் போனார்.

சௌந்தர்யா தனியாக நின்றாள். பழைய கம்ப்யூட்டரின் பக்கவாட்டில் ஒரு பளபள ஸ்டிக்கர். அதில் விண்டோஸ் என்ற பெயரும், நீளமாக ஒரு நம்பரும் இருந்தன. அடடா, அனுமதிச் சீட்டு பழையதில் ஒட்டியிருந்தால் புதுசு எப்படி ஒத்துக்கொள்ளும்!

ஈரத்துணியை ஸ்டிக்கர் மேல் வைத்து அழுத்தினாள். நன்றாக ஊறியதும் நகத்தால் மெல்ல நகர்த்தினாள். வந்தது. கடைசி மூலை மட்டும் 'சர்க்' என்று கிழிந்தது. அதைப் புதுப் பெட்டியில் ஒட்டி, டிஸ்க்கை உள்ளே தள்ளிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

'இந்த டிஸ்க் இந்தக் கம்ப்யூட்டருக்கு உரியதல்ல.'

ஆமாம், கம்ப்யூட்டர் என்ன கழுத்தைத் திருப்பித் தன் முதுகையா பார்க்கப் போகிறது? அது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. திரும்பினால் அம்மா நிற்கிறார்.

"என்னடி பண்ணி வச்சிருக்கிற?"

"புதுசுக்கு மாத்தி ஒட்டினேம்மா. மூலை கிழிஞ்சிடுச்சு" என்றாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அம்மா திட்டவில்லை. நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, கலீல் பாய் சொன்னதைச் சொன்னார். தனியாகப் பெட்டியில் வாங்கிய விண்டோஸ் என்றால் ஒன்றிலிருந்து எடுத்து இன்னொன்றில் போடலாமாம். கம்ப்யூட்டரோடு சேர்ந்தே வந்தது அதற்கு மட்டும்தான் சொந்தமாம். புதிதாக ஒன்று வாங்கலாம், ஆனால் அவர் கடைக்கே அது நாளைக்குத்தான் வருமாம். அதற்குள் லாரி போய்விடும்.

"சுட்ட பூ மாதிரியாம்மா? சூளைக்குப் போய் வந்துட்டா அப்புறம் பேராதே, அது மாதிரி?"

"அப்படித்தான் வச்சிக்கோ."

வெளியே லாரி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. ஆட்கள் வைக்கோல் சுற்றிய பெட்டிகளைக் கொண்டுவந்து, ஏற்றுவதற்கு வரிசையாக அடுக்க ஆரம்பித்தார்கள்.

சௌந்தர்யா கண்ணைத் துடைத்துக்கொண்டு பழைய கம்ப்யூட்டரைப் பார்த்தாள். பூவை எடுக்க முடியாது, சரி. கப்புக்கு என்ன ஆயிற்று? நேற்று அந்தக் கருகிய நாற்றம் பின்பக்கத்து விசிறியிலிருந்துதான் வந்தது. இப்போதும் வெள்ளை மண்தூசி அப்பிக்கிடக்கும் அந்த மூலை மட்டும்தான் நாறியது. மற்ற இடமெல்லாம் சும்மா இருந்தது. ஓடிப்போய் போனை எடுத்தாள்.

"பாய், நான் பாஞ்சாலையோட பொண்ணு பேசறேன். பழைய கம்ப்யூட்டர்ல கெட்டுப்போன ஒரு சாமான மட்டும் மாத்தினா, அது வேற கம்ப்யூட்டர் ஆயிடுமா?"

"ஆவாதும்மா. அதே கம்ப்யூட்டர்தான். எது கெட்டுப்போச்சு?"

விசிறி, நாற்றம், தூசி என்று எல்லாவற்றையும் சொன்னாள். அது பவர் சப்ளையாகத்தான் இருக்கும் என்றார் அவர். சுவரிலிருந்து கரண்டு வாங்கி உள்ளே கொடுக்கிற சின்னப் பெட்டி. புதியதில் இருப்பதை அப்படியே கழற்றிப் பழையதில் போட்டுப் பார்க்கலாம் என்றவர், பிளக்கைப் பிடுங்கியாயிற்றா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

சௌந்தர்யா போனில் கேட்டுக் கேட்டுச் சொல்ல, அம்மா திருப்புளியால் கழற்றினார். எந்த ஒயர் எங்கே இருந்தது என்று ஒவ்வொன்றாகப் பார்த்து மாட்டினார். ஒரு ஸ்க்ரூவுக்கு மட்டும் ஓட்டை பொருந்தவில்லை. மற்றவை பிடித்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டார்கள்.

"நீயே போடு" என்றார் அம்மா.

சௌந்தர்யா சுவிட்சைத் தட்டினாள். எதுவும் நடக்கவில்லை. வெளியே டிரைவர் ஹாரன் அடித்தார். அம்மா கண்ணை மூடிக்கொண்டார். அப்போதுதான் பிளக்கைத் திரும்பச் சொருகவே இல்லை என்பது சௌந்தர்யாவின் கண்ணில் பட்டது.

சொருகினாள். விசிறி 'கொர்ர்' என்று சுற்றியது. திரையில் விண்டோஸ் வந்தது. அம்மா ஏற்கெனவே அடித்து வைத்திருந்த லேபிள்களெல்லாம் ஒன்றுகூடக் குறையாமல் உள்ளேயே இருந்தன. அம்மா சிரித்தார், பாதி அழுகையோடு. பிரிண்டர் கறுக் கறுக் என்று லேபிள்களைத் துப்பத் துப்ப, சௌந்தர்யா வாங்கி வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

லாரி போன பிறகு தனபால் உள்ளே வந்தார். புதுக் கம்ப்யூட்டருக்கு அதற்கென்றே ஒரு விண்டோஸ், ஒரு பவர் சப்ளை, இரண்டும் பாயிடம் சொல்லியாகிவிட்டது என்று பாஞ்சாலை சொன்னார். தனபால் தலையாட்டிவிட்டு, ஓடிக்கொண்டிருந்த பழைய கம்ப்யூட்டரைச் சுற்றிப் பார்த்தார். பக்கவாட்டில், சௌந்தர்யா திரும்பக் கொண்டுவந்து ஒட்டிய அந்த மூலை கிழிந்த ஸ்டிக்கர், கோந்து இன்னும் காயாமல், ஒரு பக்கமாகச் சாய்ந்து ஒட்டியிருந்தது.

"இது ஏன் கோணலா இருக்குது?"

சௌந்தர்யா அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"ஒட்டுற செக்‌ஷனுக்குப் புது ஆள் ஒண்ணு வந்துச்சுங்க" என்றார் அம்மா. "இன்னும் கை பழகலை."