புஷ்பவல்லியின் பிள்ளை

1918 அக்டோபர். பிரிக்பீல்ட்ஸ், ரயில்வே தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகள். காலை ஏழு மணி.

பிணவண்டிக்காரன் பழனியப்பனை விளக்குக் கம்பத்தில் கட்டிவைத்திருந்தார்கள். உதடு கிழிந்து ரத்தம் ஒழுகியது. விஷக் காய்ச்சல் வந்த நாளிலிருந்து ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்காத ஜனம், அவனை அடிக்க மட்டும் ஒன்றாகக் கூடியிருந்தது.

துப்பறியும் சார்ஜன்ட் வாலண்டைன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"என்ன நடந்துச்சு?"

"கதவு தெறந்து கெடந்துச்சுங்கய்யா. புஷ்பவல்லி செத்துக் கெடந்தா. நான்தான் சத்தம் போட்டு எல்லாரையும் கூப்பிட்டேன். கைப்பிள்ளைய நான் பாக்கவே இல்ல!" என்றான் பழனியப்பன்.

"பொய்! பிள்ளையத் திருடி வித்துட்டான்!" என்று கூட்டம் இரைந்தது.

புஷ்பவல்லியின் கணவன் கன்னையா காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தான். அவனுக்குச் சொல்ல ஆள் அனுப்பிவிட்டு வாலண்டைன் வீட்டுக்குள் நுழைந்தார். புஷ்பவல்லியின் உடல் விறைத்திருந்தது. உத்தரத்தில் தொங்கிய தூளியைத் தடவிப் பார்த்தார். துணி மொடமொடவென்று காய்ந்திருந்தது.

அடுத்த வீட்டுச் சீதாலெட்சுமிதான் சாட்சி. போன வாரம் அவளுடைய கைக்குழந்தையும் இதே காய்ச்சலில் போயிருந்தது. கதவை ஒருக்களித்துப் பிடித்தபடி பேசினாள்.

"மூட்டையா எதையோ வண்டிக்குத் தூக்கிட்டுப் போனான். பாத்தேன்."

"எப்ப?"

"இப்பத்தான், விடிஞ்சதும்."

அவளுடைய ஜன்னலில் ஒரு வாழையிலைப் பொட்டலம் பிரிக்கப்படாமல் கிடந்தது. வாடிய மல்லிகையின் மணம்.

"பூ வைக்கலையாம்மா?"

"பிள்ளை செத்த வீட்ல பூ எதுக்குங்க?"

நியாயமான பதில்தான். வாலண்டைன் எதிர் வீட்டுக்குப் போனார். இராஜம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்ட நின்றே பேசினாள்.

"ராத்திரி பிள்ளை அழுதுச்சா?"

"நேத்து சாயங்காலம் வரைக்கும் கத்திக்கிட்டே இருந்துச்சு. பொறவு சத்தமே இல்ல. அதுவும் போயிருச்சுன்னு நெனச்சேன்."

"போய்ப் பாக்கலையா?"

"எனக்கும் பிள்ளைங்க இருக்குங்கய்யா." அவள் தலை குனிந்தது.

"சீதாலெட்சுமிக்குப் பூ குடுத்தது யாரு?"

"நான்தான். விளக்கு வைக்கிற நேரம் ஜன்னல்ல வச்சுட்டு வந்தேன். மத்தியானமெல்லாம் வலியில துடிச்சா, பாவம்."

வாலண்டைன் திரும்பிச் சீதாலெட்சுமியின் ஜன்னலைப் பார்த்தார். பிறகு நேரே போய்ப் பழனியப்பனின் கட்டை அவிழ்த்தார்.

"இவன் எடுக்கல. பிள்ளை ராத்திரி முழுக்கத் தூளில கெடந்திருந்தா துணி நனைஞ்சிருக்கும். அது காஞ்சு கெடக்கு. அழுகையும் நேத்து சாயங்காலமே நின்னுருச்சு. இவன் வந்தது விடிஞ்ச பொறவு."

சீதாலெட்சுமியின் வாசலுக்கு வந்து தணிந்த குரலில் சொன்னார்:

"அந்தப் பூ தலைக்கு வைக்கக் குடுத்தது இல்லம்மா. பால் வத்துறதுக்கு மார்ல வச்சுக் கட்டக் குடுத்தது. எங்க வீட்லயும் ஒரு பிள்ளை போச்சு. என் சம்சாரத்துக்கு நானே பூ வாங்கிட்டு வந்தேன். பால் கட்டிக்கிட்டுத் துடிக்கிறவ அந்தப் பொட்டலத்தப் பிரிக்காம விடமாட்டா. உன் பாலைக் குடிக்க ஒரு பிள்ளை கெடச்சிருச்சு, அதான் உனக்கு அது தேவைப்படல. உங்கிட்டதான் பிள்ளை இருக்கு."

கதவைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. உள்ளே, பழந்துணி விரித்த கூடையில் புஷ்பவல்லியின் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது.

"அது அழுவுற சத்தம் கேட்டா எனக்குப் பால் தானா ஊறுதுங்க" என்றாள். "தாங்க முடியாம போய்த் தூக்கிட்டு வந்துட்டேன். காலைல எல்லாரும் பிள்ளை எங்கன்னு கத்தினாங்க. புடுங்கிட்டுப் போயிருவாங்கன்னு பயந்து, வாய்க்கு வந்தத சொல்லிட்டேன்."

"உன் வாய்க்கு வந்ததுல ஒரு ஆளு செத்திருப்பான்."

அதற்குள் கன்னையா வந்துவிட்டிருந்தான். சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்தவன் வாசலில் நின்றான். அவன் கேட்டது ஒன்றுதான்.

"நீ பிள்ளையத் தூக்குறப்ப அவ உசுரோட இருந்தாளா?"

சீதாலெட்சுமி கூடையைத் திரும்பிப் பார்த்தாள்.

"இருந்தா. தண்ணி கேட்டா. கொண்டு வரேன்னு சொன்னேன். பிள்ளை மார்ல வாய வச்சதும் எனக்கு எல்லாம் மறந்துபோச்சு, அண்ணே. நெனப்பு வந்தப்ப பயமா இருந்துச்சு. போகல."

கன்னையா அவளை நோக்கி ஓரடி வைத்தான். வாலண்டைன் குறுக்கே கை நீட்டினார்.

கூடையில் பிள்ளை விழித்துக்கொண்டு வீறிட்டது. கன்னையா அதைத் தூக்கக் குனிந்தான், இருமல் வந்தது, கைகளைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். சீதாலெட்சுமி அசையவில்லை. அவளுடைய ரவிக்கை நனைந்துகொண்டிருந்தது.

"பசிக்குது அதுக்கு. பால் குடு" என்றான் கன்னையா, அவள் முகத்தைப் பாராமல்.

பிறகு மனைவியைத் தூக்கப் பழனியப்பனைக் கூப்பிட்டுக்கொண்டு தன் வீட்டுக்குள் போனான்.