ஒண்ணு இருக்கு...

"அது என் குடை."

மாடியில் மனநல ஆலோசனை சொல்லும் கவுன்சிலர் அம்மாவின் அறையிலிருந்து இறங்கி வந்தவள் சொன்னாள். வெளியே மழை கொட்டியது. அவளுடைய கறுப்புக் குடையை விரித்துப் பிடித்தபடி வாசலில் ஒருவன் திருதிருவென விழித்தான்.

"என்னோடதும் கறுப்புதான்... மாறிப்போச்சு. கோவமா?"

"ஒண்ணுமில்ல" என்றவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "இல்ல... கொஞ்சம் இருக்கு."

மழைத்துளி ஒட்டியிருந்த இமைகளுக்குள் அவன் கண்கள் சிரித்தன. "உங்களுக்கும் அதே வீட்டுப்பாடமா?"

அதேதான். என்ன ஆச்சு என்று யார் கேட்டாலும் 'ஒண்ணுமில்ல' சொல்லக் கூடாது; உள்ளே இருப்பதில் சின்னதாக ஒன்றையாவது சொல்ல வேண்டும். கேட்கச் சுலபம். சொல்லிப் பார்த்தால் தெரியும் சங்கதி.

அவள் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறாள். ஊரார் கண்களையெல்லாம் உற்றுப் பார்ப்பவளுக்கு, அம்மா தவறிப்போன பிறகு அப்பாவின் கண்களைப் பார்க்கத்தான் பயம். அவர் கேட்டாலும் 'ஒண்ணுமில்ல', இவள் கேட்டாலும் 'ஒண்ணுமில்ல'. அவன் பஸ் ஓட்டுபவன். "உங்ககிட்ட பேசுறதும் சுவத்துகிட்ட பேசுறதும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு, நிச்சயம் செய்த பெண் விலகிப் போயிருந்தாள்.

"ஒரே பாடம்தானே... சேந்து படிக்கலாமா?" என்றான்.

வாராவாரம் பஸ் நிறுத்தம் வரை நடந்தபடி படித்தார்கள்.

"இன்னிக்கு பஸ்ல ஒரு பெரியவர்கிட்ட கத்திட்டேன். வெக்கமா இருக்கு."

"நான் அப்பாகிட்ட, அம்மா ஞாபகமா இருக்குன்னு சொன்னேன். அழுதுட்டார்... அப்புறம் ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்பிட்டோம்."

மழைக்காலம் முடிந்த பிறகும் இருவரும் குடையோடுதான் வந்தார்கள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, நல்லவேளை.

ஒருநாள் கண் பரிசோதனைக்கு அக்காவை அவள் கடைக்கே அழைத்து வந்தான். அக்கா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எங்கடா பழக்கம்?"

"பஸ்லதான்க்கா... தினம் ஏறுவாங்க."

அவனுடைய பஸ்ஸில் அவள் ஏறியதே இல்லை. சுருக்கென்றது. நாங்கள் சந்தித்த இடம் மறைக்க வேண்டிய இடமா... அப்படியானால் நானும்தானா?

போகும்போது மெல்லக் கேட்டான். "கோவமா?"

"ஒண்ணுமில்ல."

இந்த முறை அவள் நாக்கைக் கடித்துக்கொள்ளவில்லை. அடுத்த வாரம் கவுன்சிலரைப் பார்க்கும் நாளையும் மாற்றிக்கொண்டாள்.

புதுக் கண்ணாடி வாங்க அக்கா வந்தபோது அவனும் வந்தான். முகம் வெளிறியிருந்தது.

"அக்கா, அன்னிக்குச் சொன்னது பொய். நான் கவுன்சிலர்கிட்ட போறேன்."

"வார்டு கவுன்சிலரா? தெரு விளக்கு எரியலன்னு சொன்னியா?"

"இல்லக்கா. மனசுல இருக்கிறத சொல்லத் தெரியாம தவிக்கிறவங்க போற இடம். அங்கதான்..." நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான். "மீதிய அவங்க சொன்னாத்தான் உண்டு."

அவள் அக்கா பக்கம் திரும்பினாள். "அங்கதான் குடை மாறிப்போச்சுக்கா."

அக்கா புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். பிறகு, "உன் மாமாவையும் கூட்டிட்டுப் போடா. கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து 'ம்'மைத் தவிர ஒரு வார்த்தை வரல" என்று நிலைக்கண்ணாடிப் பக்கம் நகர்ந்தாள்.

"இன்னும் கோவமா?" என்றான் அவன்.

"அது போயிருச்சு. ஆனா... ஒண்ணு இருக்கு."

"என்ன?"

ஊரார் கண்களைப் பார்த்துப் பழகியவள், இப்போது மேஜைத் துணியைப் பார்த்தாள். "உங்கள ரொம்பப் பிடிச்சிருக்கு."

அவன் அவள் பக்கம் ஒரு அடி வந்தான். 

"நீங்க வராத வாரம்... நம்ம ஸ்டாப்புல வண்டிய நிறுத்தி கதவத் திறந்தேன். ஏற ஆளில்ல. இருந்தாலும் மூட மனசு வரல. எல்லாரும் திட்டினாங்க."

அவள் நிமிர்ந்தாள். கண்கள் நிறைந்திருந்தன.

"நாளைக்கும் திறங்க. ஏறிக்கிறேன்... தினம் ஏறுவாங்கன்னு அக்காகிட்ட சொன்ன பொய் உண்மையாகட்டும்."