கண்டிப் பயணமும் காணாமல் போன ஐடென்டியும்

விடிந்ததும் கந்தையா எரிச்சலோடு கன்னையாவின் வாசலில் வந்து நின்றார். கண்டிக்குப் போக மாவனல்லையிலிருந்து வேன் வந்து நிற்கிறது. அவருடைய ஐடென்டியை, அடையாள அட்டையை, மட்டும் காணவில்லை. யுத்த காலம். அட்டை இல்லாவிட்டால் முதல் சோதனைச் சாவடியிலேயே இறக்கிவிடுவார்கள்.

சுற்றிப் பார்ப்பதை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாமே என்றார் கன்னையா. தேயிலைத் தோட்டத்து மருந்தகத்தில் வேலை பார்த்து ஓய்ந்தவர். லயத்து வீடுகளில் எது தொலைந்தாலும் அவரிடம்தான் வருவார்கள்.

கந்தையா குரலைத் தாழ்த்தினார். சுற்றிப் பார்ப்பதெல்லாம் வெறும் பேச்சு. கண்டிக் குளத்தங்கரையில் மாப்பிள்ளை வீட்டார் காத்திருப்பார்கள். மகள் சுதர்சினிக்குத் தெரியாது, தெரிந்தால் ஏ.எல். உயர்தரப் பரீட்சை முடியட்டும் என்று அடம்பிடிப்பாள். இரண்டு சம்பந்தம் ஏற்கெனவே கைநழுவிவிட்டது. இதுவும் போனால் அவர் எந்த முகத்தோடு வெளியே நடமாடுவது?

இருவரும் கந்தையாவின் வீட்டுக்குப் போனபோது, எல்லோரும் அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடும் வேன்காரர் மீராசாஹிப் துப்புத் துலக்கத் தொடங்கியிருந்தார். கட்டிலைப் புரட்டி, அரிசிப் பானையில் கைவிட்டு, பக்கத்து வீட்டுக்காரன்தான் திருடன் என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார். கன்னையா அலமாரியை நிதானமாகப் பார்த்தார். மூவரின் ஐடென்டிகளும் ஒரே உறையில்தான் இருந்திருந்தன, போனது ஒன்றுதான். எங்கே பயணம் என்று கந்தையாவின் மனைவி சீதாதேவியைக் கேட்டார். கண்டி பார்க்க என்றாள். மகளையும் கேட்டார்.

"கண்டியில காட்டப் போறாங்க," என்றாள் சுதர்சினி, தலையைப் பின்னியபடி.

கன்னையா எல்லோரையும் உட்காரச் சொன்னார்.

"திருடன்னா மூணையும் அள்ளிக்கிட்டுப் போயிருப்பான், நானா. அம்மாவோடது போனா மத்த ரெண்டு பேரும் கெளம்பிருவாங்க. மகளோடது போனா மொதல்ல அவளத்தான் கேப்பாங்க. அப்பா நின்னாத்தான் பயணமே நிக்கும்."

"யாருக்குங்க நிக்கணும்?" என்றார் மீராசாஹிப்.

"ஊரக் காட்டக் கூட்டிட்டுப் போனா, 'கண்டிய காட்டப் போறாங்க'ம்பாங்க. இந்தப் புள்ள 'கண்டியில'ன்னுச்சு. அப்ப யாரக் காட்டுறாங்க?"

சுதர்சினி எழுந்துபோய்ப் பாடப்புத்தகத்துக்குள்ளிருந்து ஐடென்டியை எடுத்து வந்து நீட்டினாள். அம்மாவும் சித்தியும் பேசியது அவள் காதில் விழுந்திருந்தது.

கந்தையாவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "கேட்டிருந்தா ஒத்துக்கிட்டு இருப்பியா?"

"மாட்டேன்னு சொல்லியிருப்பேன்ப்பா. நீங்க கேக்கவே இல்லியே."

அவள் சொன்னது நியாயம். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. சீதாதேவி அழ ஆரம்பித்தாள். மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் போட்டு ஐடென்டி தொலைந்துவிட்டது என்று சொன்னால் மரியாதையாக முடிந்துவிடும் என்று மீராசாஹிப் யோசனை சொன்னார்.

கந்தையா செருப்பை மாட்டினார்.

"அதான் கெடச்சிருச்சே நானா. பொண்ணு வேணாங்குதுன்னே சொல்லிடுறேன்."