திருப்பிச் சொல்லுங்க, கேப்டன்!

"ஐயோ... முருகா!"

மழையில் நனைந்த மலை மந்திர் முருகன் கோயில் படியில் கால் வழுக்கியதும் இளவரசியின் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. சட்டென்று ஒரு கை அவள் முழங்கையைப் பிடித்து நிறுத்தியது.

பிடித்தவன் விடவே இல்லை. அவளையே பார்த்தான். அப்பப்பா, என்ன கண்கள்! இமையில் மழைத்துளி வேறு...

"இந்தக் குரல்... போன வியாழக்கிழமை ரேடியோவுல 'ஐயோ முருகா'ன்னு கத்தினது நீங்கதானே?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. விமான நிலையக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து அவள் வழிநடத்திய குட்டி ஜெட், முன்னால் இறங்கிய ராட்சத விமானம் விட்டுப்போன காற்றுச் சுழலில் மாட்டிக் கவிழப் பார்த்த அந்த நிமிடம்...

"அப்ப, அந்த ஜெட்டை ஓட்டினது?"

"நான்தான். சேஷு. மயூர் விஹார்ல வீடு."

முழுசாக எதிரில் நிற்கிறான்! சந்தோஷம் பொங்கியது. கூடவே கோபமும்.

"பெரிய விமானம் முன்னால போகுது, வேகத்தைக் குறைங்கன்னு சொன்னேன்ல? ரேடியோவுல சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லணும்ல? ஏன் சொல்லல? உங்க காதுல விழுந்துச்சா இல்லையான்னு இப்ப விசாரணை! அது முடியற வரைக்கும் என்னை கன்ட்ரோல் ரூம் நாற்காலியிலேருந்து எழுப்பிட்டாங்க, தெரியுமா?"

அவன் முகம் சுருங்கியது. "விழுந்துச்சு. ஜல்தி இறங்கணும்னு... குறைக்கல. தப்பு என்னோடதுதான்."

"அச்சா! படியில நின்னு சொல்லி என்ன புண்ணியம்? நாளைக்கு விசாரணையில சொல்ல தைரியம் இருக்கா?"

சொன்னால் அவன் வேலைக்கே ஆபத்து. 'காதில் விழவில்லை' என்றால் போதும், பழி இவள் தலையில். கெஞ்சலாமா? ஊஹூம்... செத்தாலும் மாட்டேன்! துப்பட்டாவை உதறிக்கொண்டு விறுவிறுவென்று இறங்கினாள். அந்தக் கையின் சூடு மட்டும் ஆர்.கே.புரம் வீடு வரை கூடவே வந்தது.

அடுத்த செவ்வாய். மறுபடியும் மழை. அதே படியில் அவன்!

இளவரசி மூச்சிரைக்க ஓடி வந்தாள். "நாற்காலி திரும்பக் கிடைச்சுடுச்சு! உண்மையைச் சொல்லிட்டீங்களாமே! உங்களுக்கு என்ன ஆச்சு?"

"மூணு மாசம் பறக்கக் கூடாதாம்."

"பைத்தியமா உங்களுக்கு? எதுக்கு..."

"ஜெட் சாஞ்சப்போ கை நடுங்கிச்சுங்க. நீங்க முருகான்னு கத்தினீங்க... நமக்காகவும் ஒருத்தி பதறுறாளேன்னு தோணிச்சு. நடுக்கம் நின்னுடுச்சு. அந்தக் குரல் இல்லாம இனிமே நான் எப்படிங்க தரையிறங்கறது?" தலை குனிந்தான். "உங்களை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு, இளவரசி."

அவளுக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. எங்கிருந்துதான் அந்தத் துணிச்சல் வந்ததோ...

"கல்யாணம்னா எனக்கு நீங்கதான்."

சேஷு சட்டென்று தலை நிமிர்ந்தான். அவள் இடுப்பில் கை வைத்து முறைத்தாள்.

"ஒரு தடவை திருப்பிச் சொல்லாம விட்டதுக்கே இவ்வளவு பாடு! ம்... சொல்லுங்க, கேப்டன்!"

"கல்யாணம்னா... எனக்கு நீங்கதான்," என்றான் சேஷு, ஓர் எழுத்து விடாமல்.