ஐம்பது எம்பி போதாத வீடு

"பத்து மணிக்கு இன்டர்வியூ! ஒன்பதரைக்கு மேல இந்த வீட்டுல யாராவது போனைத் தொட்டா நான் மனுஷனா இருக்க மாட்டேன்!"

கூடத்தில் நின்று மாமனார் போட்ட சத்தத்தில், அடுப்படியில் தேநீர் வடிகட்டிக்கொண்டிருந்த அண்ணி பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தாள். கொழுந்தன் கூப்பிட்டுக் கூப்பிட்டு அந்தத் தெருவுக்கே அவள் அண்ணியாகிப் போயிருந்தாள்.

மாமனார் முப்பது வருடம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்தவர். ஓய்வு பெற்றபின் பார்க்க மீட்டர் இல்லாமல் தவித்த மனிதருக்கு வீட்டு நெட்டின் வேகம் வந்து வாய்த்தது. நெட் பெட்டியின் பக்கத்தில் போனை நீட்டிக்கொண்டு நின்று, அரை மணிக்கு ஒரு தரம் அளந்து, பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைப்பார். ஐம்பது, நாற்பத்தொன்பது, ஐம்பது.

"ஐம்பது எம்பி முழுசா வருது. ஆனா போன வாரம் சின்னவன் இன்டர்வியூல பேசும்போது அவன் முகம் அப்படியே நின்னு போச்சு. கேள்வி கேட்டவங்க பாதியில எழுந்து போயிட்டாங்க. ஏதோ நல்ல மனசு, இன்னொரு தரம் கூப்பிட்டிருக்காங்க. அப்போ வர்றதை எல்லாம் தின்னு தீர்க்கிறது யாரு?"

கேள்வி சுவரைப் பார்த்துத்தான் கேட்கப்பட்டது. யாருக்கு என்று எல்லோருக்கும் தெரியும். அந்த வீட்டில் நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் உட்காருபவள் அண்ணி ஒருத்திதான். டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவதைக் காதில் மாட்டிக் கேட்டு, அறிக்கையாகத் தட்டித் தருகிற வேலை. நாலு வருடம் திட்டு வாங்கி, தப்பு திருத்தி, இப்போதுதான் குழுவுக்குத் தலைவியாக்கியிருக்கிறார்கள்.

லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவன் ஷூவுக்குக் கயிறு கட்டியபடி, நிமிராமலே சொன்னான். "பேசாம வேலைய விட்டுடேன். தம்பி ஒன்றரை வருஷமா சும்மா இருக்கான்ல..."

"அண்ணி என்னண்ணே பண்ணுவாங்க..." என்று ஆரம்பித்த கொழுந்தன், அப்பாவின் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான்.

"இன்னைக்கே எழுதிக் கொடுத்துடும்மா" என்றார் மாமனார். "பெரிய ப்ளானுக்கு மாத்த நெட்காரரையும் வரச் சொல்லிட்டேன். இருநூறு எம்பி போட்டுடலாம்."

அண்ணி மாமியாரைப் பார்த்தாள். மாமியார் தரையைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள். "மாமா சொல்றபடி செஞ்சுடேன்... வேலைய விட்டா என்ன குறைஞ்சிடப் போகுது?"

சுருக்கென்றது அண்ணிக்கு. யார் சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்பாள். ஆனால், அத்தை சொல்லலாமா?

அடுப்படிக்குள் வந்ததும் மாமியார் அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதாள். "என்னை மன்னிச்சுடுடி... அவரு முன்னால வேற என்ன சொல்றதுன்னு தெரியல..."

அழுகைக்குக் காரணம் மாமியாரின் அறையில், சாத்திய கதவுக்குப் பின்னால் இருந்தது. ஒரு டேப்லெட். அதன் திரையில், தூரத்து ஊரில் ஏழு மாத வயிற்றோடு படுத்திருந்தாள் இந்த வீட்டு மகள்.

இரண்டு வருடத்துக்கு முன் தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டு போனவள் அவள். 'இனிமே அவ பேச்சை எடுத்தா நான் வீட்டை விட்டுப் போயிடுவேன்' என்று மாமனார் அன்றைக்கு ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். இப்போது அவளைப் படுக்கையை விட்டு எழக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவள் புருஷன் காலையில் வேலைக்குப் போனால் இரண்டு மணிக்குத்தான் திரும்புவான். அதுவரை வீடியோ அழைப்பு திறந்தே இருக்கும். சத்தத்தை அணைத்துவிட்டு, மகள் அங்கே படுத்திருப்பாள், தாய் இங்கே துணி மடிப்பாள். அவ்வளவுதான். போன மாதம் ஒரு நாள் மகள் மயங்கிச் சரிந்ததைப் பார்த்து மாமியார் பதற, அண்ணிதான் மாடிக்கு ஓடிப்போய் சிக்னல் பிடித்து, மகளின் புருஷனைக் கூப்பிட்டு அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வைத்தாள்.

"ஒரு மணி நேரம் மட்டும் அணைச்சு வைக்கலாமா அத்தை? தம்பி பேசி முடிக்கிற வரைக்கும்..."

"நேத்து மறுபடியும் ரத்தம் பட்டிருக்குடி! இன்னைக்கு மட்டும் வேணாம்..."

"அப்போ மாமாகிட்ட சொல்லிடலாம்."

"ஐயோ! சொன்னதைச் செய்யிற மனுஷன்டி அவரு. இந்த வயசுல எங்க போயி நிப்பாரு?"

அண்ணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கம்ப்யூட்டரைத் திறந்து, வேலையை விடுவதாக நாலு வரி தட்டினாள். அனுப்ப மட்டும் விரல் எழவில்லை.

வாசலில் மணி அடித்தது. நெட்காரர் தோளில் பையோடு உள்ளே வந்தார். மாமனார் பெருமையோடு காலண்டர் தாளை நீட்டினார். நெட்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மேல இருக்கிற நம்பரை மட்டும் எழுதியிருக்கீங்களே சார். கீழ ஒண்ணு காட்டுமே?"

"அது சின்ன நம்பர். அதை எதுக்கு எழுதணும்?"

"அதுதான் சார் உங்க வீட்டுலேர்ந்து வெளியே போறது. உள்ளே ஐம்பது வருது, வெளியே போறது அஞ்சுதான். தம்பி முகம் அந்தப் பக்கம் போய்ச் சேரணும்னா இந்த அஞ்சுலதான் போகணும். அஞ்சு பேர் இருக்கிற வீட்டுக்கு ஐம்பதே தாராளம். இருநூறெல்லாம் தண்டம்."

"அந்த அஞ்சைத்தான் எங்க மருமக..."

நெட்காரர் தன் கம்ப்யூட்டரில் எதையோ திறந்தார். "அவங்க டைப் அடிக்கிறதா? ஒரு பாட்டு கேக்கிற அளவுகூட இழுக்கல சார்."

ஒரு வாரப் பழி ஒரு நொடியில் இறங்கியது! அண்ணிக்கு மூச்சு வந்தது. அதற்குள் அவர் அடுத்ததைச் சொல்லிவிட்டார்.

"ஆனா ஒரு டேப் இருக்கு. காலையிலேர்ந்து ரெண்டு மணி வரைக்கும், தினமும், விடாம வீடியோ போயிக்கிட்டே இருக்கு. இதோ, இப்பவும் போகுது. தம்பி படம் நின்னது இதாலதான்."

அறை வாசலில் நின்ற மாமியாரின் முகம் வெளுத்ததை அண்ணி பார்த்தாள். யோசிக்க நேரமில்லை.

"அது... என்னோடதுதான் மாமா."

மாமனார் அவளை மேலும் கீழும் பார்த்தார். "தினமும் கதவைச் சாத்திக்கிட்டு வீடியோவா? யார் கூட?"

கணவன் ஒரு ஷூவோடு எழுந்து வந்தான். அவன் முகத்தில் இருந்ததை அவள் கல்யாணமான ஒன்பது வருடத்தில் பார்த்ததில்லை.

"அப்பா கேக்கிறாரில்ல... யார் கூடன்னு சொல்லேன்!"

நெட்காரர் சங்கடத்தோடு பையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். ஒரு பெயரைச் சொன்னால் போதும். சொல்ல மாட்டேன் என்று அத்தைக்கு வாக்குக் கொடுத்தவள் அண்ணி.

"போதும்!"

மாமியார் தன் அறையிலிருந்து வந்தாள். கையில் டேப். இந்த வீட்டில் அந்தக் குரல் இத்தனை உயர்ந்து யாரும் கேட்டதில்லை.

"அவளை ஒரு வார்த்தை பேசாதீங்க! இது என்னுது. நான் பார்க்கிறது என் பொண்ணை. உங்க பொண்ணை! வீட்டை விட்டுப் போறதுன்னா போங்க... ஆனா ஒரு தரம் அவளைப் பார்த்துட்டுப் போங்க!"

திரையில் இருந்தவளுக்கு எதுவும் கேட்கவில்லை. திடீரென்று அப்பாவின் முகம் தெரிந்ததும் திடுக்கிட்டு, எழ முயன்றாள்.

"எழுந்திருக்காதேன்னு சொல்லுங்க! எழுந்திருக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு மாமா!" என்று அண்ணி கத்தினாள்.

மாமனார் உள்ளங்கையைத் திரைக்கு எதிரே காட்டி, படு, படு என்று சைகை செய்தார். மகள் படுத்தாள். இருவருமே அழுதார்கள். அவருக்கு எந்தப் பொத்தானை அழுத்தினால் சத்தம் வரும் என்று தெரியவில்லை. யாரையும் கேட்கவும் வாய் வரவில்லை.

நெட்காரர் மெல்ல நிமிர்ந்தார். "சார், அந்த டேப்போட படத்தைக் கொஞ்சம் குறைச்சு வச்சா ரெண்டுமே ஓடும். தம்பிக்கும் தடங்கல் வராது."

"குறைச்சா... அவ முகம் தெரியுமா?"

"நல்லாத் தெரியும் சார்."

"அப்போ குறைங்க." பிறகு மருமகள் பக்கம் திரும்பினார். கண்ணைப் பார்க்க முடியாமல் சொன்னார். "நான் கேட்டது தப்பும்மா. கேட்டிருக்கவே கூடாது."

மாமியார் அண்ணியை இறுக அணைத்துக்கொண்டு விம்மினாள். "என் பொண்ணுக்காக உன்னைப் பலி கொடுக்கப் பார்த்தேனேடி..." அதுவரை அடக்கி வைத்திருந்தது எல்லாம் அண்ணிக்கு அந்தத் தோளில் உடைந்தது.

பத்து மணிக்குக் கொழுந்தன் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு தன் அறையில் இன்டர்வியூவுக்கு உட்கார்ந்தான். கணவன் வேலைக்குப் போகாமல், அண்ணியின் மேசை ஓரத்தில் நின்றான்.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே..."

"சொல்லக் கூடாதுன்னு வாக்குக் கொடுத்திருந்தேன்" என்றாள் அண்ணி. "ஆனா நீங்க அப்பாகூட சேர்ந்து கேட்டீங்க பாருங்க... அதுக்கு நீங்க எங்கிட்டத் தனியா வந்து பதில் சொல்லணும். இப்ப இல்ல. எனக்கு வேலை இருக்கு."

திரையில் இருந்த நாலு வரியை அழித்தாள். பதினோரு டாக்டர்களின் பதிவுகள் காத்திருந்தன. காதில் மாட்டிக்கொண்டு தட்ட ஆரம்பித்தாள்.

நெட்காரர் சத்தம் வரவைத்துக் கொடுத்துப் போன டேப்பில், கூடத்தில் மாமனார் மகளிடம் ஏதோ கேட்டுக் குரல் உயர்த்த, மாமியார் வந்து அண்ணியின் அறைக் கதவை மெல்லச் சாத்தினாள்.

"மெதுவாப் பேசுங்க" என்றாள் கணவரிடம். "என் மருமக வேலை செய்யிறா."