எல்லார் ரத்தத்திலும் உள்ள விஷம்

பிற்பகல் 2.40. சோதனைக் கோபுரத்தின் லிஃப்ட் மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே நின்றது. உள்ளே இருந்தவரைக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். பதில் இல்லை.

லிஃப்டுகளைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் அந்த நிறுவனத்தின் தொழில். பட்டறைக்குப் பின்னால் ஐந்து மாடி உயரத்துக்கு ஒரு கோபுரம், அதற்குள் ஒரே ஒரு லிஃப்ட். புதிய பாகங்களை அதில் ஓட்டிப் பார்ப்பார்கள். ஓட்டுபவர் உள்ளே நின்று சோதனைச் சாவியைத் திருப்பிவிட்டால் போதும். வெளியே யார் எந்தப் பொத்தானை அமுக்கினாலும் லிஃப்ட் அசையாது, கதவும் திறக்காது.

மெக்கானிக் ஒருவர் மோட்டார் அறைக்கு ஓடினார். ஆள் ஒல்லி, அதனால் பட்டறையில் அவருக்குப் பெயர் கம்பி. பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் சுற்றி, லிஃப்டை அங்குலம் அங்குலமாக மூன்றாம் மாடிக்கு இறக்கினார். கதவை நெம்பித் திறந்தபோது நிறுவனத்தின் மூத்த முதலாளி, எல்லாரும் பெரியவர் என்று அழைப்பவர், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண் பாதி மூடியிருந்தது. நாடி இருந்தது, ஆனால் ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவே பயப்படும் அளவுக்கு இடைவெளி. சாவி உள்ளேயே, பூட்டில் இருந்தது.

வேலையிடத்து விபத்து என்பதால் காவல்துறை வந்தது. ஆய்வாளர் நாற்பது வயதுப் பெண். எந்த இயந்திரத்தைப் பார்த்தாலும் அது எப்படி ஓடுகிறது என்று கேட்காமல் நகர மாட்டார். கூட வந்த ஏட்டுக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

"பூட்டின பெட்டி மேடம். ஆவிதான் உள்ள போயிருக்கணும்" என்றார் ஏட்டு.

"ஆவி எதுக்கு ஏட்டய்யா லிஃப்ட்ல ஏறணும்? அதுக்கு மாடி ஒரு தடையா?"

மருத்துவமனையில் பெரியவர் பிழைத்துக்கொண்டார். மயிரிழையில்தான். டாக்டர் இதயத்துடிப்பின் வரைபடத்தை ஆய்வாளர் முன் விரித்தார்.

"சாதாரணமா இந்த அலை சின்ன மேடு மாதிரி இருக்கும். இவருக்குப் பாருங்க, கூடாரம் அடிச்ச மாதிரி கூரா நிக்குது. ரத்தத்துல பொட்டாசியம் ஏறினா இப்படித்தான்."

"அது விஷமா?"

"உங்க ரத்தத்துலயும் இருக்கு, என் ரத்தத்துலயும் இருக்கு. இல்லேன்னா இதயம் துடிக்காது. கூடினாலும் துடிக்காது. வேற எந்த விஷமும் அவர் உடம்புல இல்ல. தேடிப் பார்த்துட்டோம்."

"எப்படி ஏறிச்சு?"

"அவர் சாப்பிடற பிரஷர் மாத்திரையோட பக்கவிளைவுன்னு நினைக்கிறேன். அளவைக் குறைச்சு நாளை மறுநாள் வீட்டுக்கு அனுப்பிடலாம்."

"காரணம் அது இல்லேன்னா?"

டாக்டர் வரைபடத்தை மடித்தார். "இன்னொரு தடவை இப்படி ஆனா, லிஃப்ட் கீழ வர்றதுக்குள்ள கதை முடிஞ்சிடும்."

ஆய்வாளரிடம் இருந்தது அவ்வளவு அவகாசம்தான். இரண்டு நாளுக்குள் காரணம் தெரியாவிட்டால், பெரியவர் எங்கிருந்து வந்தாரோ அங்கேயே திரும்பிப் போவார்.

பெரியவரின் மனைவி வார்டுக்கு வெளியே பெஞ்சில் இருந்தார்.

"பிரஷர் இவங்க அப்பா வழிச் சொத்து" என்றார். "மாமனார் ஐம்பது தாண்டலை. அவரோட அண்ணனும் அப்படித்தான். பரம்பரை நோய்களை ஆராயற கிளினிக்ல இவரும் இவர் தம்பியும் ரத்தம் குடுத்தாங்க. ஒரே கோளாறு ரெண்டு பேருக்கும் இருக்குன்னு சொல்லி, ஒரே மாத்திரையைக் குடுத்தாங்க. அதுக்கப்புறம்தான் பிரஷர் அடங்குச்சு. உப்பையும் குறைக்கச் சொன்னாங்க."

"மறுபடி ரத்தம் பார்த்தாங்களா?"

"இவர் போன மாசம் குடுத்தார். ஏதாவது இருந்தா போன் பண்றேன்னாங்க. போன் வரலை. அப்ப எல்லாம் சரின்னு விட்டுட்டோம்."

"யார் மேலயாவது சந்தேகம்?"

"இவர் மேலயே கோபம்தான் வருது மேடம். கோபுரத்துல ஏற வேண்டாம்னு எத்தனை தடவை சொன்னேன். கம்பெனி புதுசா லிஃப்ட் மாட்டின பிரசவ ஆஸ்பத்திரிக்கு நாளைக்குப் போய் பிரேக்கைப் பிரிச்சுப் பார்க்கணும்னு நேத்து பூரா அதே பேச்சு."

"இப்ப யார் பார்ப்பாங்க?"

"லிஃப்டை ஓட்டலாம்னு கையெழுத்துப் போடற உரிமை ரெண்டு பேருக்குத்தான். இவர் இல்லேன்னா கொழுந்தன்."

மறுநாள் மதியம் ஆய்வாளர் பட்டறைக்குப் போனார். சாப்பாட்டு நேரம். நீள மேசையில் எல்லாரும் ஒன்றாக உட்காருவது அங்கே வழக்கம். முதலாளிகளுக்கு என்று தனி இடம் கிடையாது. சமையல்காரம்மா ஒரே பாத்திரத்தில் காய்கறி சூப் வைப்பார். முதலாளிகள் இருவருக்கும் பிரஷர் என்பதால் அதில் உப்புப் போட மாட்டார். வேண்டியவர்கள் மேசையில் உள்ள குப்பியிலிருந்து தூவிக்கொள்ள வேண்டும்.

"உட்காருங்க மேடம்" என்றார் பெரியவரின் தம்பி. பட்டறையில் அவர் சின்னவர். பெயரில்தான் சின்னவர், நாற்காலியின் இரண்டு பக்கமும் நிரம்பி வழிந்தார். "எங்க வீட்டுக் கதை இதுதான். அப்பாகிட்டேருந்து பிரஷர் வந்துச்சு, அம்மாகிட்டேருந்து இது வந்துச்சு." வயிற்றைத் தட்டிக்காட்டினார். "அண்ணன் ஓமக்குச்சி. நோய் வந்தா தாங்கறதுக்கு உடம்புல கொஞ்சம் சதை வேணும்ல?"

மேசையில் சிரிப்பு எழுந்தது. கம்பி மட்டும் தன் கையை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

ஆய்வாளர் குப்பியை எடுத்தார். 'இதயத்துக்கு இதமான உப்பு' என்று பெரிய எழுத்தில் இருந்தது.

"இதை யார் வாங்கினது?"

"நான்தான். ரெண்டு மாசம் ஆச்சு. தீரத் தீர நிரப்பறதும் நான்தான்" என்றார் சின்னவர். "பிரஷர்காரங்களுக்கு நல்லதுன்னு போட்டிருந்தது. அண்ணனுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. வெறும் சூப்பைக் குடிச்சு நாக்கு செத்துக்கிடந்த மனுஷன், தாராளமாப் போட்டுப்பார்."

"நீங்களும் இதைத்தான் போட்டுக்கறீங்களா?"

"பின்ன? இதே உப்பு, அதே மாத்திரை. கல்லு மாதிரி இருக்கேன்." குப்பியை வாங்கித் தன் சூப்பில் நன்றாகத் தூவினார், கலக்கினார்.

சமையல்காரம்மா பன் தட்டை வைத்தார். சின்னவர் ஒரு பன்னை இரண்டாகப் பிளந்து, வெண்ணெய் தடவி உள்ளே தள்ளினார். பிறகு இன்னொன்று. சூப் கிண்ணத்தை முழங்கையால் தள்ளி வைத்தார்.

"சூப் பிடிக்கலையா ஐயா?" என்றார் சமையல்காரம்மா. "ஒரு மாசமா இப்படியே மிச்சம் வைக்கறீங்க. என் கைப்பக்குவத்துல ஏதாவது கோளாறா, சொல்லுங்க."

"உங்க கைக்கு என்னம்மா. உடம்பைக் குறைக்கணும்னு பார்க்கறேன்." மூன்றாவது பன் போனது.

ஏட்டு தன் கிண்ணத்தை வழித்துக் குடித்தார். ஆய்வாளர் குப்பியின் பின்பக்கத்துச் சின்ன எழுத்துகளைப் படித்துக்கொண்டிருந்தார்.

மாலை 4.10. அந்தக் குப்பி டாக்டரின் மேசையில் இருந்தது.

"சோடியத்தைக் குறைச்சுட்டு அந்த இடத்துல பொட்டாசியம் போட்டிருக்காங்க" என்றார் ஆய்வாளர். "இது கெட்டதா?"

"நிறைய பேருக்கு நல்லது."

"இவருக்கு?"

டாக்டர் எழுந்து கதவைப் பாதி திறந்து வைத்தார். "சிறுநீரகத்துல உப்புக்குன்னு குட்டிக்குட்டிக் கதவுகள் இருக்குன்னு வெச்சுக்குங்க. வெளிய போகப் பார்க்கற உப்பை ரத்தத்துக்குத் திருப்பி விடும். வேலை முடிஞ்சதும் அந்தக் கதவுகளைக் கழட்டிடணும். இந்தக் குடும்பத்துல ஒரு மரபணு கோளாறு. கதவைக் கழட்டாது. உப்பு உள்ள வந்துகிட்டே இருக்கும், தண்ணியும் கூட வரும், பிரஷர் ஏறும். அந்த மாத்திரை கதவை அடைக்குது." கதவைச் சாத்தினார். "ஆனா உப்பு உள்ள வரும்போதுதான் பதிலுக்குப் பொட்டாசியம் வெளிய போகும். கதவை அடைச்சா அது உள்ளேயே தங்கிடும். அதோட மேல மேல பொட்டாசியத்தைச் சாப்பிட்டு, வெயில்ல வேர்த்து வடிஞ்சா..." குப்பியைத் திருப்பிப் பார்த்தார். "உப்பைப் பத்தி நான் கேட்டிருக்கணும்."

"தம்பிக்கும் அதே மாத்திரை. அவர் பருமன் அவரைக் காப்பாத்துமா?"

"பருமனுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. உடம்புப் பருமனுக்கு நூத்துக்கணக்கான மரபணு ஆளுக்குக் கொஞ்சமா கை வைக்குது, சாப்பாடு வேற. இந்தக் கதவுக்கு ஒண்ணே ஒண்ணு போதும். ரெண்டும் தனித்தனிச் சீட்டு. அண்ணனுக்கு ஒண்ணு விழுந்துது, தம்பிக்கு ரெண்டும் விழுந்துது."

"அப்ப தம்பி இதே உப்பை இதே அளவு சாப்பிட்டா?"

"அவர் ரத்தத்துலயும் கட்டாயம் தெரியும்."

ஆய்வாளர் மூன்று காரியங்கள் செய்தார். அண்ணன் நலனுக்காக ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று சொல்லி, சின்னவரிடம் ரத்தம் எடுக்க வைத்தார். அவர் மறுக்கவில்லை, மறுத்தால் நன்றாக இருக்காது. கம்பியையும் வேறொரு நிறுவனத்துப் பொறியாளரையும் பிரசவ ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். பிறகு மரபணு கிளினிக்குக்கு நேரில் போனார்.

"போன் பண்ணலையா? நான்தான் பண்ணினேன்" என்றார் அங்கிருந்த நர்ஸ். "போன மாசம் அவர் ரத்தத்துல பொட்டாசியம் லேசா ஏறியிருந்தது. உப்புக்குப் பதிலா ஏதாவது போட்டுக்கறீங்களான்னு கேட்டேன். ஆமான்னார். உடனே நிறுத்துங்க, உயிருக்கே ஆபத்துன்னு சொன்னேன். உங்க தம்பிக்கும் அதே மாத்திரைதானே, அவர்கிட்டயும் சொல்லிடுங்கன்னேன். சரிங்கம்மான்னார்."

"எந்த நேரம்?"

"முற்பகல். பின்னால ஒரே இரும்புச் சத்தம்."

மறுநாள் காலை, சின்னவர் அண்ணனைப் பார்க்க வந்தபோது, ஆய்வாளர் அவரை வார்டுக்குப் பக்கத்து அறைக்கு அழைத்தார்.

"ஒரு சந்தேகம். உங்க ஆளுங்க லிஃப்ட் ஓடற ஷாஃப்ட்டுக்குள்ள இறங்கும்போது போனை என்ன பண்ணுவாங்க?"

"மேலயே வெச்சிடுவாங்க மேடம். பாக்கெட்லேருந்து ஒரு போன் விழுந்தாலும் கீழ நிக்கறவன் மண்டை போயிடும். மேல நிக்கற ஆள்கிட்ட ஒரு தட்டு இருக்கும், எல்லாம் அதுல."

"போன மாசம் உங்க அண்ணன் ஷாஃப்ட்ல இருந்தப்ப அவர் போன் அடிச்சுது. அன்னிக்குத் தட்டைப் பார்த்துக்கிட்டது நீங்கன்னு கம்பி சொல்றார்."

"எத்தனையோ போன் வரும். எல்லாத்தையும் ஞாபகம் வெச்சுக்க முடியுமா?"

"நர்ஸ் பேசினது உங்ககிட்ட."

"யாரோ பேசினாங்க, சரின்னேன், மறந்துட்டேன். மறதி குத்தமா? நானும் அதே உப்பைத்தானே சாப்பிட்டேன்? விஷம்னு தெரிஞ்சிருந்தா சாப்பிடுவேனா?"

"அதுதான் என்னை ரொம்ப நேரம் குழப்பிச்சு" என்றார் ஆய்வாளர். "ஒரே கோளாறு, ஒரே மாத்திரை, ஒரே சூப், ஒரே உப்பு. ஒருத்தர் விழுந்தார், ஒருத்தர் விழலை. எல்லாரும் உங்க ரெண்டு பேர் உடம்பைப் பார்த்தாங்க. ஒருத்தர் ஒல்லி, ஒருத்தர் பருமன், அதான் வித்தியாசம்னு விட்டுட்டாங்க. நான் உங்க கிண்ணத்தைப் பார்த்தேன். உடம்பு குறைக்கறவங்க பன்னை விடுவாங்க, சூப்பைக் குடிப்பாங்க. நீங்க சூப்பை விட்டுட்டு மூணு பன் சாப்பிட்டீங்க. உப்பைத் தூவினது மத்தவங்க பார்க்கறதுக்கு."

"வாய்க்குப் பிடிக்கலை. அதுக்கு ஒரு வழக்கா?"

"உங்க ரத்தம் சாட்சி சொல்லுது. நீங்க சொன்ன மாதிரி அந்த உப்பைத் தினமும் சாப்பிட்டிருந்தா பொட்டாசியம் ஏறியிருக்கணும். துளிகூட ஏறலை. நர்ஸ் சொன்னதை நீங்க மறக்கலை. அன்னியோட உங்க நாக்குல அந்த உப்பு படலை. அண்ணனுக்கு மட்டும் சொல்லலை. குப்பி காலி ஆக ஆக நிரப்பி வெச்சீங்க."

சின்னவர் ஏட்டைப் பார்த்தார். ஏட்டு ஜன்னலைப் பார்த்தார்.

"வாங்கினப்ப நல்ல எண்ணத்துலதான் வாங்கினீங்க, நம்பறேன். அந்த போன்தான் அதை விஷமாக்குச்சு. விஷம் வைக்க நீங்க கையை அசைக்கவே வேண்டியிருக்கலை. வாயைத் திறக்காம இருந்தாப் போதும்."

"எனக்கு அண்ணன்கிட்ட என்ன பகை?"

"பகை இல்ல, பயம். பிரசவ ஆஸ்பத்திரி லிஃப்டோட பிரேக்கைப் பிரிச்சாச்சு. புதுப் பெயின்ட், உள்ள தேய்ஞ்ச பழைய பிரேக் கட்டை. பொருத்தினது நீங்க. அண்ணன் பார்த்திருந்தா கம்பெனியையே மூடினாலும் மூடுவார், கையெழுத்துப் போட மாட்டார். அவர் படுத்துட்டா அந்தக் கையெழுத்து உங்களோடது."

"சாகணும்னு நினைக்கலை. ரெண்டு வாரம் படுத்திருந்தாப் போதும்னு நினைச்சேன்" என்றார் சின்னவர்.

"எவ்வளவு உப்புக்கு ரெண்டு வாரம்னு உங்களுக்கு யார் சொன்னது?"

ஏட்டு அவரை அழைத்துப் போனார்.

மதியம் பெரியவரிடம் ஆய்வாளரே சொன்னார், ஒன்றையும் மறைக்காமல், வரிசையாக. அவர் கூரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டார். போன் வந்ததைச் சொன்னபோது ஒருமுறை கண்ணை மூடினார்.

"அந்த லிஃப்டை நிறுத்தியாச்சா?" என்பதுதான் முதல் கேள்வி.

"நேத்தே நிறுத்தியாச்சு."

மனைவி தலையணையைச் சரிசெய்தார். கொழுந்தனின் பெயரை இனி வீட்டில் எடுக்கக் கூடாது என்றார். ஆய்வாளர் எழுந்து கதவு வரை போனபோது பெரியவர் கூப்பிட்டார்.

"மேடம், அவன் வெறும் கையோடயா போனான்?"

"ஆமா."

"சாதாரண பிரஷர் மாத்திரை அவனுக்குக் கேட்காது. எங்கப்பாவுக்கு எதுவுமே கேட்கலை, அப்படித்தான் போனார்." பக்கத்து மேசையின் இழுப்பறையைத் திறந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினார். "மதியம் ஒண்ணு. இன்னிக்கு இன்னும் போட்டிருக்க மாட்டான்."

மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டார். மணி ஒன்றரை ஆகியிருந்தது. டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான் கொடுக்க முடியும் என்று சொல்லி, ஆய்வாளர் அட்டையை வாங்கிக்கொண்டு வேகமாகப் படியிறங்கினார்.